தொட்டியில் எலி விழவில்லை

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் மீன்தொட்டியைத்தான் பார்ப்பார்கள். உடும்பஞ்சோலைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசருக்குக் கொடுத்திருக்கும் மூன்று அறை வீடு. டிவிக்குப் பக்கத்தில் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி. பார்க்கிறவர்களுக்கு உடனே ஏமாற்றமாகிவிடும். "மீனே இல்லையே அண்ணே?" என்பார்கள். "குனிஞ்சு பாருங்க" என்பேன். குனிந்து பார்த்தால், மணலோடு மணலாக ஒன்பது மீன்கள் மீசையை ஆட்டிக்கொண்டு மேயும்.

கோரி மீன்கள் என்று கடையில் சொல்வார்கள். கெளுத்தி இனம்தான், ஆனால் கட்டைவிரல் நீளத்துக்கு மேல் வளராது. பழுப்பு உடம்பில் கரும்புள்ளி. சண்டை, கடி எதுவும் தெரியாது. ஒன்றை ஒன்று துரத்தாது. ஒன்று நகர்ந்தால் மற்றவையும் கூடவே நகரும். ஒன்று ஓய்ந்து படுத்தால் மற்றதும் பக்கத்தில் போய் ஒட்டிப் படுக்கும். தனியாக ஒன்றை விட்டால் மூலையில் ஒடுங்கிச் சாப்பிடாமல் கிடக்கும். சில சமயம் கண்ணை உருட்டி நம்மைப் பார்த்துக் கண்ணடிப்பதுபோல இருக்கும். என் மனைவிக்கு அது பிடிக்காது. "ஒங்கள மாதிரியே முழிக்குது" என்பாள்.

நான் தோட்டத்தில் சிரித்துப் பேசுகிற ஆள் இல்லை. இருபத்தேழு பேரை மேய்க்க வேண்டியிருக்கிறது. காலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் நான் போடும் சத்தம் எதிர்மலைக்குக் கேட்கும். என் அம்மா இதே மலையில் லயத்தில் இருந்து காய் எடுத்தவள். நான் பிறந்ததும் லயத்தில்தான். வரிசையாக ஒட்டிக் கட்டிய ஓர் அறை வீடுகள், அதற்குப் பெயர் லயம். அங்கிருந்து மேலே வந்த ஆள் என்பதால் எனக்குக் கொஞ்சம் முறுக்கு அதிகம். அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். சாயந்தரம் வீட்டுக்கு வந்து அந்தத் தொட்டி முன்னால் உட்கார்ந்தால் மட்டும் முறுக்கு இறங்கும். மனிதர்களிடம் காட்டாத பொறுமை எல்லாம் மீன்களிடம் காட்டினேன்.

அந்தப் பொறுமையும் முதலில் இருந்ததில்லை. மலைக்குக் கீழே கம்பம் டவுனில் இருக்கிற கடைக்காரர், "இது கிளீனர் மீனு சார், தனியா தீனி போடவே வேணாம், கீழ விழுந்த மிச்சத்தத் தின்னு பொழச்சுக்கும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். மேலே நீந்துகிற மீன்களுக்குத் தீனி போட்டுவிட்டு இவை மிச்சத்தைத் தின்னும் என்று நானும் விட்டுவிட்டேன். மேலே இருந்தவை மிச்சம் வைக்கவே இல்லை. ஒரு மாதத்தில் கோரிகளின் வயிறு உள்ளே ஒட்டிவிட்டது. இரண்டு செத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கூரான ஜல்லியைப் போட்டு மீசையைத் தேயவிட்டதும் நான்தான். அப்புறம் ஆற்று மணலை எட்டுத் தடவை அலசிப் போட்டேன். மூழ்குகிற தீனி வாங்கி, விளக்கை அணைத்துவிட்டுப் போட்டேன். மேல்மீன்களைத் தெரிந்தவருக்குக் கொடுத்துவிட்டுத் தொட்டி முழுவதையும் கோரிகளுக்கே விட்டேன். வலையில் பிடித்தால் முள் சிக்கிக்கொள்ளும், டம்ளரில்தான் ஏந்த வேண்டும் என்பதுவரை கற்றுக்கொண்டேன்.

எங்கள் மலை இந்த மீனுக்குச் சொந்த ஊர் மாதிரி. கம்பத்தில் வெயிலில் சுணங்கிச் சாகிறவை இங்கே கொழுத்துத் திரியும். குளிர்ந்த தண்ணீர், உப்பு இல்லாத தண்ணீர். எனக்கு இருந்த ஒரே குறை, அவை முட்டை போடவில்லை. மூன்று வருடம் காத்திருந்தேன். மழை பெய்து காற்று குளிரும்போது, தொட்டித் தண்ணீரில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டுக் குளிர்ந்த புதுத்தண்ணீர் விட்டால், மழைக்காலம் வந்துவிட்டது என்று நினைத்து முட்டை போடும் என்று தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு மழைக்கும் அதைச் செய்து பார்த்தேன். மீன்கள் என்னைப் பார்த்துக் கண்ணடித்ததோடு சரி.

அந்த வருடம் மே மாதக் கடைசியில் இரண்டு நாள் நல்ல மழை. மூன்றாம் நாள் வெயில் எட்டிப் பார்த்தது. வெயிலைக் கண்டால் தோட்டத்தில் மருந்தடிக்க வேண்டும். ஏலச் செடிக்கு மாதம் ஒரு தடவையாவது மருந்து விழவில்லை என்றால் காய் பிடிக்கிற சரத்தையே பூச்சி தின்றுவிடும்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். மலைச்சரிவில் ஓர் ஊற்று. அதிலிருந்து தண்ணீர் ஒரு சிமெண்டுத் தொட்டியில் வந்து விழும். அந்தத் தொட்டியிலிருந்து ஒரு குழாய் எங்கள் வீட்டுக்கும், இன்னும் கீழே நான்கு குடும்பம் இருக்கிற லயத்துக்கும் போகிறது. மருந்தடிக்க வேண்டிய இடமோ தொட்டிக்கு மேலே. அதனால் தொட்டிக்குள் ஒரு மோட்டார் போட்டு, ஓஸ் வழியாகத் தண்ணீரை மேலே ஏற்றி, அங்கே ஒரு பெரிய டிரம்மில் மருந்தைக் கலப்போம். டிரம்மிலிருந்து ஓர் எஞ்சின் அதை உறிஞ்சிச் செடிக்கு அடிக்கும்.

இதில் ஒரு விதி உண்டு. ஓஸின் வாய் டிரம் தண்ணீரில் முங்கக் கூடாது. மேலே ஒரு கம்பில் கட்டி, தண்ணீர் உயரத்திலிருந்து விழும்படி வைக்க வேண்டும். முங்கியிருக்கும்போது கரண்டு போனால், டிரம்மில் இருக்கிற மருந்துத் தண்ணீர் அதே ஓஸ் வழியாகத் திரும்பிக் கீழே தொட்டிக்குள் இறங்கிவிடும். எங்கள் மலையில் கரண்டு போவதற்கு நேரம் காலம் கிடையாது. இந்த விதியை ஒவ்வொரு ஆளுக்கும் சொல்லிக் கொடுத்தவன் நான். ஒரு தடவை ஓஸை முங்கவிட்ட ஒருவனை, நாலு பேர் முன்னால் வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறேன்.

அன்றைக்கு எஞ்சின் பக்கத்தில் நிற்க வேண்டிய ஆள் வரவில்லை. மருந்தடிக்கிற இரண்டு பேரும் குழாயை இழுத்துக்கொண்டு செடிகளுக்குள் போய்விட்டார்கள். டிரம்மை நான் பார்த்துக்கொண்டேன். மருந்தை ஊற்றியிருந்தேன், தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பத்து மணி இருக்கும். மனைவியிடமிருந்து போன்.

"ஏங்க, ஒங்க மீனுக கண்ணாடியில என்னமோ ஒட்டுதுங்க. ஜவ்வரிசி கணக்கா இருக்கு."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்று வருடம். கம்பில் கட்டியிருந்த ஓஸ் தண்ணீர் வேகத்தில் துள்ளிக்கொண்டிருந்தது. ஆள் பிடிக்காவிட்டால் டிரம்முக்கு வெளியே போய்விழும். கட்டை அவிழ்த்தேன். ஓஸைத் தூக்கி டிரம்மின் அடிவரைக்கும் முங்க வைத்தேன். மேலே ஒரு கல்லை வைத்து அழுத்தினேன். பத்து நிமிடத்தில் வந்துவிடலாம் என்று வீட்டைப் பார்த்து ஓடினேன். ஐம்பத்திரண்டு வயதில் அப்படி ஓடியது அதுதான் கடைசி.

பெண்மீன் ஆண்மீனின் வயிற்றில் மூக்கை வைத்து நிற்கும். அப்புறம் இரண்டு துடுப்புக்கு நடுவில் முட்டையை ஏந்திக்கொண்டு, கண்ணாடியில் இடம் தேடும். மூக்கால் துடைத்துப் பார்த்துவிட்டு, அழுத்தி ஒட்டிவிட்டுத் திரும்பும். தரையைவிட்டு மேலே வராத மீன், முட்டை ஒட்ட மட்டும் பாதிக் கண்ணாடி வரை ஏறி வந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மனைவி டீ கொடுத்தாள். குடித்தேன். தொட்டியில் இருந்த விளக்கு அணைந்தது. கரண்டு போனது அப்போதுதான் தெரிந்தது. உடனே எழுந்திருந்தால்கூடப் பாதி சேதத்தோடு போயிருக்கும். விளக்கு இல்லாமலும் முட்டை தெரிந்தது. இன்னொரு முட்டை ஒட்டட்டும் என்று உட்கார்ந்தேன். அப்புறம் இன்னொன்று.

நான் மேலே திரும்பிப் போகும்போது அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மோட்டார் ஓடவில்லை. ஓஸ் வைத்தபடியே முங்கிக் கிடந்தது. டிரம்மில் கால்வாசிகூட இல்லை. மருந்தடித்தவர்கள் இழுத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்கள் வந்ததும் எத்தனை வரிசை முடிந்தது என்று கேட்டேன். "ஒண்ணரை வரிசதாண்ணே, எஞ்சின் முக்குது" என்றார்கள். ஒன்றரை வரிசைக்கு அவ்வளவு மருந்து ஆகாது. இருபது வருடம் இதே வேலையைப் பார்க்கிறவனுக்கு அது தெரியாதா? தெரிந்தது. தெரிந்ததை அப்படியே மூடி வைத்தேன். கரண்டு வந்ததும் ஓஸைக் கம்பில் கட்டி, மறுபடி டிரம்மை நிரப்பினேன்.

சாயந்தரம் வந்து பார்த்தால் கண்ணாடியில் ஐம்பதுக்கு மேல் முட்டை. இன்னும் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் விட்டால் மிச்சத்தையும் போடும் என்ற ஆசை. தொட்டியில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, குழாயைத் திறந்து புதுத்தண்ணீர் விட்டேன். பிடிக்கும்போது ஒரு லேசான வாடை வந்தது. நாளெல்லாம் மருந்தோடு நின்ற கை, அதன் வாடையாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைக்க விரும்பினேன்.

மறுநாள் காலையில் ஐந்தரைக்கு விளக்கைப் போட்டேன். எட்டு மீன்கள் மணலில் வெள்ளை வயிற்றைக் காட்டிக் கிடந்தன. ஒன்று மட்டும் மேலே ஏறுவதும், வாயைப் பிளந்து காற்றை விழுங்குவதும், சுருண்டு விழுவதுமாக இருந்தது. முட்டைகள் வெளுத்துப் போயிருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஒன்றும் நின்றுவிட்டது.

அப்போது எனக்கு எல்லாம் தெரிந்தது. முதலில் நான் என்ன செய்தேன் என்று எழுதக் கை கூசுகிறது. அடுப்படிக்கு ஓடினேன். எங்கள் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீர் எடுப்பதில்லை. ருசியாக இருக்கும் என்று மனைவி ஊற்றின் வாயில் நேராகப் பிடித்து இரண்டு குடம் கொண்டுவருவாள். அதைத்தான் குடித்தோம் என்று அவளிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். மூச்சு வந்தது. லயத்தின் ஞாபகம் அதற்குப் பிறகுதான் வந்தது.

லயத்தில் நாலு வீட்டிலும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. குழாய் வால்வை அடைத்துவிட்டு அங்கே போய் நின்றேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே இறங்கினேன். வாயில் வந்தது இதுதான்.

"தண்ணியக் கொட்டிருங்க எல்லாரும். தொட்டியில எலி செத்துக் கெடக்கு. சமைச்சது கிமைச்சது எதையும் திங்காதீங்க."

எல்லாரும் பானை, குடம், வாளி எல்லாவற்றையும் கவிழ்த்தார்கள். ஒரு கிழவர், "எலியை எடுத்தாச்சாப்பா?" என்றார். "நானே எடுத்து வீசிட்டேன்" என்றேன். அவ்வளவு லேசாக வந்தது பொய். தொட்டியைத் திறந்துவிட்டுக் காலி செய்து, இரண்டு பேரை இறக்கித் தேய்த்துக் கழுவ வைத்தேன். அவர்களில் ஒருவன், "மருந்து வாடை அடிக்குதேண்ணே" என்றான். "நேத்து மேல அடிச்சம்ல, காத்துல வருது" என்றேன்.

லயத்தில் இரண்டாவது வீட்டில் ஒரு பெண் இருந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயது. போடிப் பக்கத்துக்காரி, வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. புருஷன் திருப்பூரில் வேலை. ஏழு வயது மகளை இங்கே மலையாளப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தாள். பள்ளி லீவுக்கு மகள் சித்தி வீட்டுக்குப் போயிருந்தது. அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த கருணை. எட்டு மணிக்கு அந்தப் பெண் வாசலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். நிற்கவில்லை. வேர்த்து ஊற்றியது. கண்ணை மூடி மூடித் திறந்தாள். எழுந்து நிற்க முடியவில்லை. முந்தின நாள் சாயந்தரம் வேலை முடிந்து வந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்ததாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

ஜீப்பில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கூட வந்தது பக்கத்து வீட்டுக்காரியும் நானும்தான். எங்கள் தோட்டத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் நான்தான் கூடப் போவேன். டாக்டர்கள் மலையாளத்தில் கேட்பார்கள். புதிதாக வருகிற எங்கள் ஆட்களுக்குப் புரியாது. நான் நடுவில் நின்று இந்தப் பக்கம் தமிழிலும் அந்தப் பக்கம் மலையாளத்திலும் சொல்வேன். அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு வாயே இல்லை என்று வீட்டில் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். மறுபடி அடித்துப் பார்த்தார். என்னிடம் திரும்பிக் கேட்டார்.

"இந்நலெ தோட்டத்தில் மருந்து அடிச்சோ? குடிக்குந்ந வெள்ளத்தில் எங்ஙானும் வீணோ? அவரோடு சோதிக்கூ."

நேற்று மருந்தடித்தீர்களா, குடிக்கிற தண்ணீரில் விழுந்ததா, அவளிடம் கேளுங்கள். இதைவிடத் தெளிவாக ஒருவர் கேட்க முடியாது. நான் அவள் பக்கம் குனிந்தேன்.

"நேத்து ராத்திரி என்னத்தா சாப்ட்ட?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். மயக்கத்தில் பார்க்கிறாள் என்று நினைத்தேன். பிறகு மெதுவாக, "பழைய சோறு. கருவாடு" என்றாள்.

நான் டாக்டர் பக்கம் திரும்பினேன். "பழஞ்சோறும் உணக்கமீனுமா கழிச்சது, மேடம். மருந்தொந்நும் அடிச்சிட்டில்ல" என்றேன்.

பழைய சோறும் கருவாடும் என்று அவள் சொன்னது உண்மை. மருந்து அடிக்கவில்லை என்று அவள் சொல்லவில்லை. அதை அவள் வாயில் நான் வைத்தேன். ஏன் செய்தேன்? வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. போலீஸ் வருமோ என்ற பயமும் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம், மீன் முட்டை போடுவதைப் பார்க்கப் போனேன் என்று சொல்ல வேண்டி வருமே என்பதுதான். ஊர் சிரிக்கும். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான் திட்டியவன் சிரிப்பான். ஓர் உயிருக்கு எதிராக நான் அந்தச் சிரிப்பை நிறுத்துப் பார்த்தேன், சிரிப்புதான் கனமாக இருந்தது. இதைவிடக் கேவலமாக ஒரு மனிதன் இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் அரை மனதோடுதான் எழுதினார். "பார்க்கலாம், தேறவில்லை என்றால் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். குளுக்கோஸ் ஏற்றினார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால் சரியான வைத்தியம் கிடைக்கும். எழுந்து பத்தடி நடந்து போனால் டாக்டரின் அறை. எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன், அந்தப் பத்தடியை மட்டும் நடக்கவில்லை. மதியத்துக்கு மேல் வாந்தி நின்றது. சாயந்தரம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். மூன்றாம் நாள் ஜீப்பில் லயத்துக்குத் திரும்பினாள். இறங்கும்போது, "நீங்க இல்லாட்டி என்னாயிருக்கும்ணே" என்று பக்கத்து வீட்டுக்காரி கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தப் பெண் என் பக்கம் பார்க்காமல் வீட்டுக்குள் போனாள்.

அடுத்த வாரம் முதலாளி கோட்டயத்திலிருந்து வந்தார். எலி விழுந்த தண்ணீரில் ஒரு வீட்டிலும் சமைக்க விடாமல் தடுத்தேன், ஆஸ்பத்திரிக்கும் நானே கொண்டுபோனேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எல்லார் முன்னாலும் என் முதுகில் தட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கமான ஆள் என்று நினைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு சில காரியம் செய்தேன். மருந்து கலக்கிற டிரம்மை ஊற்றின் சரிவிலிருந்து எடுத்து, மலையின் மறுபக்கம் கொண்டுபோனேன். அதற்குத் தனியாக ஒரு தண்ணீர்க் குழி வெட்டச் சொன்னேன். திரும்பி வராதபடி ஓஸுக்கு வால்வு போட்டேன். இவையெல்லாம் முன்பே செய்திருக்க வேண்டியவை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சூப்பர்வைசர் சொன்னால் செய்வார்கள்.

மீன்தொட்டி இரண்டு மாதம் காலியாகக் கிடந்தது. மனைவி அதை விற்றுவிடலாம் என்றாள். மீன்கள் ஏன் செத்தன என்று அவளுக்கும் நான் சொல்லவில்லை. புதுத்தண்ணீரின் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவைத்தேன். ஆகஸ்ட் மாதம் கம்பத்துக்குப் போனவன், வெட்கங்கெட்டுப்போய் மறுபடி ஆறு கோரிகள் வாங்கி வந்தேன். இந்தத் தடவை குழாய்த் தண்ணீர் விடவில்லை. ஊற்றின் வாயில் குடம் குடமாகப் பிடித்துத் தோளில் சுமந்து வந்து நிரப்பினேன். வழியில் லயத்துப் பெண்கள் குழாயடியில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அது நல்ல தண்ணீர்தான், தொட்டியைத் தேய்த்துக் கழுவி மாதக்கணக்காகிறது. இருந்தும் என் மீனுக்கு அதை விட எனக்கு மனம் வரவில்லை. அவர்களைக் கடந்து குடத்தோடு போனபோது என் காது சூடானது.

காய் எடுப்பு மும்முரமாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீடு வீடாகச் சுகாதாரம் விசாரிக்கிற ஆஷா வேலை பார்க்கும் மலையாளி அம்மா ஒருவர் ஏதோ படிவம் எழுத லயத்துக்கு வந்தார். வழக்கம்போல என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய் நடுவில் நின்றேன். முதல் வீடு முடிந்தது. இரண்டாவது வீட்டு வாசலில் நின்று, குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைக்கிறீர்களா என்று ஆஷா கேட்டார். நான் தமிழில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் பதில் சொல்லிவிட்டாள்.

"திளப்பிச்சே குடிக்கத்துள்ளூ, சேச்சீ. மேயில் எனிக்கு சுகமில்லாதாயி. அதில் பின்னெ எந்நும் திளப்பிக்கும்."

கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறேன் அக்கா, மே மாதம் எனக்கு உடம்புக்கு முடியாமல் போனது, அதற்குப் பிறகு தினமும் கொதிக்க வைக்கிறேன். எங்கேயும் தட்டாத மலையாளம். ஆஷா இன்னும் நாலு கேள்வி கேட்டார். நாலுக்கும் அவளே பதில் சொன்னாள். நான் நடுவில் நட்டு வைத்த கம்பு மாதிரி நின்றேன். ஒரு தடவைகூட அவள் என் பக்கம் திரும்பவில்லை. அன்றைக்கு மிச்சம் இருந்த இரண்டு வீட்டுக்கு நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை.

மறுநாள் முழுவதும் என்னால் ஒருவரையும் அதட்ட முடியவில்லை. சாயந்தரம் காய் எடை போடும் இடத்தில் எல்லாரும் வரிசையில் வந்தார்கள். அவள் கடைசிக்கு முந்தின ஆள். கூடையைத் தராசில் வைத்தாள். பின்னால் நின்ற கிழவர் எட்டத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். நான் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"ஒனக்கு எப்படித்தா மலையாளம் தெரியும்?"

"புள்ள படிக்கிறதக் கேட்டுக் கேட்டு வந்துருச்சுண்ணே. ராத்திரியானா எனக்கும் சேத்துத்தான் அது சத்தம் போட்டுப் படிக்கும்."

"அப்ப அன்னைக்கு ஆஸ்பத்திரியில, அந்த டாக்டரம்மா கேட்டது..."

"வெளங்குச்சுண்ணே."

தராசு முள் ஆடி நின்றுவிட்டது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெறகு ஏந்தா நீயே சொல்லல?"

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நான் கேட்டதற்குப் பதில் சொல்கிற சாதாரணக் குரலில்தான் சொன்னாள்.

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேண்ணே. லயத்துல பொறந்தவரு, சொல்லாம இருக்க மாட்டாருன்னு நெனச்சேன். படுத்துக் கெடக்கும்போதும் கதவத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தேன்."

சொல்லிவிட்டு நின்றாள். அவளுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. ஆமாம் தாயி, நான்தான், என்று ஒரு வார்த்தை. அதற்கு நேரம் இருந்தது, கேட்க அவளும் நின்றாள். நான் கூடையைத் தூக்கிக் காயைச் சாக்கில் கொட்டினேன். கிழவர் பீடியை அணைத்துவிட்டு வரிசைக்கு வந்தார்.

"இருட்டிட்டு வருது, பாத்துப் போத்தா" என்றேன்.

"சரிண்ணே" என்று வெறுங்கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். இன்றுவரை நான் அவளுக்குச் சொன்ன பதில் அவ்வளவுதான்.